எந்த முருகேசன்

பாண்டிச்சேரியை அடுத்த வில்லியனூர் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் இப்போது பிறப்பு இறப்புப் பிரிவைப் பார்க்கும் பெண், சென்ற மாதம் என்னைத் தேடி வீட்டுக்கு வந்தார். பழைய பிரெஞ்சுப் பதிவேடுகளைத் தமிழில் படியெடுக்கச் சொல்லி உத்தரவு வந்திருக்கிறதாம். 1944ஆம் ஆண்டின் இறப்புப் பதிவேட்டில் ஒரு பக்கத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் நீளமாக ஏதோ எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

“சார், ஒருத்தர் செத்துட்டாருன்னு எழுதிட்டு அப்புறம் சாகலன்னு எழுதியிருக்காங்க. இது எப்படி சார்?” என்று கேட்டார்.

அன்று பிரெஞ்சுச் சொற்களுக்கு மட்டும் பொருள் சொல்லி அனுப்பிவிட்டேன். கேட்டதற்கு அது பதில் இல்லை. அந்தப் பக்கத்தை எழுதியவன் நான். ஓரத்தில் அந்தக் குறிப்பு ஏறியதும் என்னால்தான். அவர் திரும்பவும் கேட்பதற்கு முன் முழுவதையும் எழுதிக் கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

பிரெஞ்சுக்காரர் காலத்தில் கொம்யூன் அலுவலகத்தை நாங்கள் மேரி என்போம். அதன் தலைவர் மேர். நான் 1937இல் மேரியில் எழுத்தராகச் சேர்ந்தேன். பிரெஞ்சுப் பள்ளியில் ‘பிரெவே’ பரீட்சை தேறியிருந்தேன், கையெழுத்து நன்றாக இருந்தது, அவ்வளவுதான் தகுதி. முதல் இரண்டு வருடம் மை கலக்கினேன், பக்கங்களுக்கு எண் போட்டேன், பழைய நகல்களைப் பார்த்து எழுதிப் பழகினேன். சொல்வதற்கு வேறொன்றும் இல்லை.

சொல்ல வேண்டியது செக்ரெத்தேரைப் பற்றி. மேரியின் காரியதரிசிக்கு அதுதான் பெயர். சவரிராயர் என்று, மாதா கோயில் பக்கத்துக்காரர், ஐம்பது வயது தாண்டியவர். மேர்கள் தேர்தலுக்குத் தேர்தல் மாறுவார்கள். மேரியை நடத்தியவர் அவர்தான். ஐயா என்பதுபோல அவரை ‘முசியே’ என்று கூப்பிடுவோம். பதிவேட்டைத் தொடுமுன் கை கழுவுவார். சாவு சொல்ல வருகிறவர்களை முதலில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுப்பார். அவர்கள் மூச்சு அடங்கிய பிறகுதான் கேள்வி. பெயர், தகப்பன் பெயர், தாய் பெயர், பிறந்த ஊர், செத்த வேளை. இந்த வரிசை ஒருநாளும் மாறாது. தேதியை எண்ணால் எழுதவிடமாட்டார், எழுத்தால்தான் எழுத வேண்டும். எழுதி முடித்ததும் பிரெஞ்சில் இருப்பதை அவர்களுக்குத் தமிழில் வாய்விட்டுப் படித்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்து வாங்குவார்.

எல்லாப் பதிவும் இரண்டு புத்தகத்தில் ஏறும். ஒன்று மேரியில் இருக்கும். மற்றது வருடக் கடைசியில் பாண்டிச்சேரிக் கோர்ட்டுக்குப் போகும். கையெழுத்து விழுந்த பிறகு ஓர் எழுத்தைக்கூட மாற்ற மேருக்கே அதிகாரம் கிடையாது. கோர்ட்டுத் தீர்ப்பு வேண்டும்.

“தாமோதரா, ஒருத்தனைச் சாவடிக்க நமக்கு ஒரு வரி போதும். அவனை எழுப்பறதுக்குத் தீர்ப்பு வேணும். பாத்து எழுது,” என்று நான் சேர்ந்த புதிதில் சொன்னார். அந்த மாதிரி ஒன்று நடக்கும் என்று நினைத்துச் சொன்னவர் இல்லை. கற்றுக்கொடுக்கிற வேகத்தில் சொன்னது.

1940இல் பிரான்ஸ் ஜெர்மனியிடம் விழுந்தது. பாண்டிச்சேரி அரசாங்கம் போரைத் தொடரும் பக்கம் நின்றது. சிப்பாய்க்கு ஆள் எடுத்தார்கள். சேர்கிறவன் பிறப்புப் பதிவின் நகலைக் கொண்டுபோக வேண்டும். ஒருநாள் காலையில் ஒதியம்பட்டு, அபிஷேகப்பாக்கம் பக்கத்திலிருந்து பன்னிரண்டு பேர் ஒரே கூட்டமாக வந்து நின்றார்கள். பட்டாளத்து லாரி பதினொரு மணிக்கு. செக்ரெத்தேர் பாண்டிச்சேரிக்குப் போயிருந்தார். பன்னிரண்டு நகலையும் நான் ஒருவனே எழுதினேன்.

அதில் இரண்டு பேர் ஒதியம்பட்டு முருகேசன்கள். அடுத்தடுத்த வீடு. ஊரில் பெரிய முருகேசன், சின்ன முருகேசன் என்பார்கள், ஆறு மாதம்தான் வித்தியாசம். பெரியவனின் அப்பா சுப்பராயன். சின்னவனின் அப்பா சுப்பராயலு, அவர் மகன் நடக்கப் பழகுமுன்பே இறந்துபோனவர். இந்த இரண்டு பெயரையும் அந்தக் காலத்துப் பிரெஞ்சு எழுத்தில் ‘சுப்ராயா’ என்று ஒரே மாதிரி எழுதிவைத்திருந்தார்கள். ஆக, காகிதத்தில் இரண்டு பேரையும் பிரிப்பது தாய் பெயரும் பிறந்த தேதியும்தான். நகலில் தாய் பெயரைச் சுருக்கத்துக்காக விட்டுவிடலாம் என்று பட்டாளத்துக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். மிச்சம் இருந்தது தேதி ஒன்று.

லாரிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். எழுதிக் கொடுத்தேன். இரண்டு பேரும் லாரியின் பின்பக்கத்தில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்து போனது நினைவிருக்கிறது.

அதன்பிறகு நாலு வருடம். எப்போதாவது கடிதம் வரும். சிரியா என்பார்கள், பாலைவனம் என்பார்கள், கடைசியாக இத்தாலி. 1944 ஜூனில் நேச நாட்டுப் படைகள் பிரான்ஸின் வடகரையில் இறங்கிய செய்தி வந்தது. ஆகஸ்டில் தென்கரையிலும் கப்பல் கப்பலாக இறங்கினார்கள். அந்த இரண்டாவது இறக்கத்தில் எங்கள் ஆட்கள் இருந்தார்கள் என்று பாண்டிச்சேரியிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். பத்துப் பதினைந்து நாளில் துலோன் துறைமுகம் பிடிபட்டது, பாரிஸும் மீண்டது.

மேரி வாசலில் கொடி ஏற்றினோம். கோயில் மேளமும் மாதா கோயில் மணியும் ஒன்றாகக் கேட்ட நாள் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். சிப்பாய் வீட்டுக்காரர்களை முன்வரிசையில் உட்காரவைத்து மேர் தன் கையால் வெற்றிலை பாக்கும் லட்டும் கொடுத்தார். பெரிய முருகேசனின் அப்பா சுப்பராயன், அம்மா அஞ்சலை, பக்கத்தில் சின்ன முருகேசனின் அம்மா கன்னியம்மா. சுப்பராயன் துவைத்த வேட்டி கட்டியிருந்தார். மூச்சிளைப்புக்காரர், இருந்தாலும் அன்றைக்குச் சத்தமாகப் பேசினார்.

“நம்ம பசங்க போயி பிரான்ஸ மீட்டுட்டானுங்கபா. இனிமே வூட்டுக்கு வர்றதுதான் பாக்கி.”

கன்னியம்மா லட்டைத் தின்னவில்லை. முந்தானையில் முடிந்துகொண்டார். “எம்புள்ளைக்கு இது புடிக்கும்” என்றார். அவன் வரும்வரை லட்டு இருக்காது என்று யாரோ சிரித்தார்கள். அவன் அதற்குப் பத்து நாள் முன்பே செத்துப்போயிருந்தான். எங்களுக்கு அது தெரிய ஏழு மாதம் ஆயிற்று.

நவம்பர் மழையில் பாண்டிச்சேரியிலிருந்து உறை வந்தது. தென்கரையில் இறங்கிய படையில் முருகேசன், தகப்பன் சுப்ராயா, ஒதியம்பட்டில் பிறந்தவன், போரில் உயிர்நீத்தான். கீழே பிறந்த தேதி இருந்தது. இறப்பை அவன் ஊர்ப் பதிவேட்டில் ஏற்றி, குடும்பத்துக்கு நேரில் போய்ச் சொல்ல வேண்டும் என்று உத்தரவு.

செக்ரெத்தேர் பிறப்புப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தார். தேதி பெரிய முருகேசனுடையது. ஆனாலும் பேனாவை எடுக்கவில்லை.

“இந்த ஊர்ல ரெண்டு முருகேசன் போனாங்க. நகல் நீதானே எழுதின?”

“ஆமா முசியே.”

“கும்பலா வந்தாங்கன்னு சொன்ன. தேதியெல்லாம் சரிபாத்தியா? சந்தேகம்னா சொல்லு. பட்டாளத்துக்கு எழுதி சிப்பாய் நம்பர் கேப்போம். மூணு மாசம் ஆவும், ஆவட்டும்.”

நான் சரிபார்த்தேனா என்பது எனக்கே தெரியாது. நாலு வருடத்துக்கு முந்தைய ஒரு காலை நேரம். ஹாரன் சத்தம் மட்டும் காதில் இருந்தது. ‘தெரியல முசியே’ என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஏழு வருடத்தில் என் நகலில் ஒரு தப்பு என்று யாரும் சொன்னதில்லை. அந்தப் பெருமை எனக்கு இருந்தது.

“சரியாத்தான் எழுதினேன் முசியே,” என்றேன்.

அவர் என்னை நம்பினார். இரண்டு புத்தகத்திலும் நானே எழுதினேன். அவர் படித்தார், மேர் கையெழுத்துப் போட்டார்.

மேருக்குக் காய்ச்சல். அதனால் செக்ரெத்தேரும் நானும் குடை பிடித்துக்கொண்டு ஒதியம்பட்டுக்கு நடந்தோம். முழங்கால்வரை சேறு. சுப்பராயன் தலையில் கோணிச் சாக்கைப் போட்டுக்கொண்டு வரப்பில் மடை வெட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். பக்கத்து வீட்டிலிருந்து கன்னியம்மாவும் வந்துவிட்டார். மேரிக்காரர்கள் இரண்டு பேர் மழையில் எதற்கு வருவார்கள் என்று இரண்டு வீட்டுக்கும் தெரியும்.

செக்ரெத்தேர் தொப்பியைக் கழற்றினார். மழை அவர் தலையில் பெய்தது.

“சுப்பராயா, முருகேசன் சண்டையில காலமாயிட்டான்.”

சுப்பராயன் கேட்டார்.

“எந்த முருகேசன்?”

செக்ரெத்தேர் ஒரு கணம் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தலையசைத்தேன்.

“உன் மகன்,” என்றார்.

சுப்பராயன் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்குள்ளிருந்து அஞ்சலையின் குரல் எழுந்தது. நான் பார்த்தது கன்னியம்மாவை. அவர் கை இரண்டையும் நெஞ்சில் வைத்துக் கண்ணை மூடி மூச்சை விட்டார். பிறகு அலறிக்கொண்டு அஞ்சலையிடம் ஓடினார். அந்த மூச்சை நான் பார்த்தேன் என்பதை அவரும் பார்த்துவிட்டார்.

காரியம் முடிந்த பிறகு சுப்பராயன் ஒருநாள் மேரிக்கு வந்தார். மகன் பெயர் எழுதியிருப்பதைக் காட்டச் சொன்னார். பக்கத்தைத் திறந்து காட்டினேன்.

“இதுல எது அவன் பேரு?”

காட்டினேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இவ்ளோதானா,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதன்பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை என்றார்கள். ஏற்கெனவே இளைப்பு. மார்கழிப் பனியில் வயலில் போய் நின்றுகொண்டிருப்பாராம், கூப்பிட்டாலும் வரமாட்டாராம். பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால் இறந்துபோனார். அவருடைய தம்பி வந்து சொன்னார். தண்ணீர் கொடுத்தேன், வரிசையாகக் கேட்டேன், எழுதினேன். என் கையால் எழுதிய சாவுகளில் அதுவும் ஒன்று என்றுதான் அப்போது நினைத்தேன்.

மார்ச் மாதத்தில் அஞ்சலை ஒரு கடிதத்தைக் கொண்டுவந்தார். பட்டாளத்து முத்திரை குத்தின உறை. இரண்டு நாளாகப் பிரிக்காமல் வைத்திருந்தாராம். மகன் சாவைப் பற்றி ஏதோ எழுதியிருப்பார்கள், கேட்கத் தெம்பில்லை என்றார். செக்ரெத்தேர் உள்ளே இருந்தார். நான் பிரித்தேன்.

பிரெஞ்சை எதிர்பார்த்தேன். தமிழ் இருந்தது, பென்சிலில், பெரிய பெரிய எழுத்தாக. ‘அப்பாவுக்கு முருகேசன் எழுதிக்கொள்வது’ என்று தொடங்கியிருந்தது.

பழைய கடிதம், தபாலில் மாட்டிக்கொண்டு இப்போது வந்திருக்கிறது என்றுதான் நினைத்தேன். படித்துக்காட்டினால் தாங்கமாட்டாரே என்று தயங்கித் தேதியைத் தேடினேன். கடைசியில் இருந்தது. சனவரி மாதம். அந்த வருடம்.

“இன்னா தம்பி எழுதிக்கீது?”

நான் படித்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியாமல் படித்தேன். ‘கப்பலிலிருந்து மார்பளவு தண்ணீரில் இறங்கினோம். எனக்குத் தொடையில் குண்டு பாய்ந்து ஐந்து மாதமாக ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். இப்போது நடக்கிறேன், கவலை வேண்டாம். நம் சின்ன முருகேசன் இறங்கின நாலாம் நாள் ஒரு திராட்சைத் தோட்டத்தில் என் பக்கத்திலேயே செத்துப்போனான். கன்னியம்மா சித்திக்கு நீங்கள்தான் பக்குவமாகச் சொல்ல வேண்டும் அப்பா. வேறு யார் சொன்னாலும் அது தாங்காது.’

அஞ்சலை அழவில்லை. “தேதிய இன்னொருவாட்டி சொல்லு” என்றார். சொன்னேன். விரல் விட்டு மாதத்தை எண்ணினார். தை, மாசி, பங்குனி. முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது, என்னால் மறக்க முடியாத வெளிச்சம். வந்த வேகத்தில் போய்விட்டது.

“அப்ப அந்த மனுசன் எதுக்குத் தம்பி செத்தாரு?”

உள்ளே போய்ச் செக்ரெத்தேரிடம் சொன்னேன். சரிபார்த்தேனா என்று தெரியாமலே சரி என்று சொன்னேன் என்பதையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார், கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டார்.

“எழுதினது நீ. கேட்டுட்டு நம்பினது நான்,” என்றார். பிறகு, “கன்னியம்மாகிட்ட நீ போய்ச் சொல்லு. இந்தத் தடவ நான் வரமாட்டேன்.”

நான் போனேன். அஞ்சலையும் கூடவே நடந்து வந்தார். கன்னியம்மா முறத்தில் மல்லாட்டைக் கடலை உடைத்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறக்குமுன் அஞ்சலை அவர் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

“கன்னிமா, என் வூட்டுக்கு வந்த சாவு உன் வூட்டுதுடீ.”

கன்னியம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. கடிதத்தைச் சொன்னேன், என் நகலைச் சொன்னேன். தேதி மாறிப் போயிருக்கும் என்றும், அந்தத் தேதியை எழுதியவன் நான்தான் என்றும் சொன்னேன். அவர் முறத்தைத் தள்ளிவைத்தார். பிறகு பேசினார். என்னிடம் இல்லை, அஞ்சலையிடம்.

“நாலு மாசமா உனக்குக் கஞ்சி எடுத்தாந்தேன். அழுதேன் உங்கூட. அழுதுக்கினே, உள்ளுக்குள்ள எம்புள்ள இருக்கான், எம்புள்ள இருக்கான்னு சந்தோசப்பட்டேன் அக்கா. இந்தத் தம்பி பாத்துச்சு, அன்னிக்கு மழையில. கேளு.”

அஞ்சலை என்னைக் கேட்கவில்லை. “நானா இருந்தாலும் அப்பிடித்தான்டீ நெனப்பேன்” என்று சொல்லி அவர் தலையைத் தன் மேல் சாய்த்துக்கொண்டார். நான் அங்கே நிற்க வேண்டிய ஆள் இல்லை. வந்துவிட்டேன்.

செக்ரெத்தேர் பட்டாளத்துக்கு எழுதினார். இறந்தவனின் சிப்பாய்ப் புத்தகம் வந்து சேர்ந்தது. அதற்குள் நாலாக மடித்த என் நகல். வியர்வையில் மஞ்சளாகியிருந்தது, கையெழுத்து மட்டும் தெளிவாக இருந்தது. சின்ன முருகேசனுக்குப் பெரிய முருகேசனின் தேதியை எழுதிக் கொடுத்திருந்தேன். கோர்ட்டில் மனுப்போட்டுத் தீர்ப்பு வாங்கினோம். அந்தத் தீர்ப்பின் சுருக்கம்தான் அந்த ஓரக்குறிப்பு. மனுவில் செக்ரெத்தேர் என் பெயரைக் குறிப்பிடவில்லை. ‘இந்த அலுவலகத்தின் பிழையால்’ என்று எழுதினார். ஆனால் ஒரு வருடம் என்னைப் பதிவேட்டில் பேனா வைக்கவிடவில்லை. பிறகு ஒருநாள் காலையில் புத்தகத்தை என் பக்கம் நகர்த்திவைத்தார். அதற்குப் பிறகு முப்பது வருடம் வேலை பார்த்தேன். வாசலில் யார் நின்று அவசரப்படுத்தினாலும் ஒரு நகலைப் படித்துச் சரிபார்க்காமல் அடுத்ததைத் தொட்டதில்லை. அது யாருக்கும் எதையும் திருப்பிக் கொடுக்கவில்லை.

தப்பாக எழுதியதைத் திருத்த மனுப்போட வழியுண்டு. சுப்பராயனின் சாவைத் திருத்த வழியில்லை. அது சரியாக எழுதப்பட்டிருந்தது.

பெரிய முருகேசன் 1946இல் திரும்பி வந்தான். ஒரு காலைச் சாய்த்து நடந்தான். ஊரில் எல்லாருக்கும் விஷயம் தெரியும், அவனுக்கும் சொல்லியிருப்பார்கள். மேரிக்கு வந்து என்னை அடிப்பான் என்று நினைத்தேன். ஒருவேளை அதற்காகக் காத்திருந்தேனோ என்னவோ. அவன் வரவில்லை.

அடுத்த வருடம் தை மாதத்தில் கலியாணத்தைப் பதிய வந்தான். பெண் அபிஷேகப்பாக்கத்துப் பெண். அஞ்சலையும் கன்னியம்மாவும் கூட வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். செக்ரெத்தேர் அப்போது ஓய்வு பெற்றுவிட்டார். நான்தான் எழுத வேண்டும். பிறந்த தேதியை நான் கேட்டபோது அவன் லேசாகச் சிரித்தான்.

“பட்டாளத்துல எங்க ரெண்டு பேருக்கும் ஒரே பொறந்தநாளு. இரட்டைப் புள்ளைங்களான்னு கேப்பானுங்க. ஆமான்னுடுவோம். ஒவ்வொரு வருசமும் அன்னிக்கு எதுனா வாங்கித் துன்னுவோம்.”

“தப்புன்னு தெரிஞ்சுதா அப்பவே?”

“தெரிஞ்சுது. அவன்தான் மாத்த வேணாம்னான். இருக்கட்டும்டா, ஒண்ணாவே கெழவனாவோம்னான்.”

பெண் வீட்டார் பக்கம் எழுதி முடித்தேன். அடுத்து மாப்பிள்ளை பக்கம். கலியாணப் பதிவில் தகப்பன் பெயரை எழுதி, அவர் இருந்தால் சம்மதம் கேட்க வேண்டும். இல்லையென்றால் இறந்தவர் என்று எழுத வேண்டும். சட்டப்படி அதை நான் வாய்விட்டுக் கேட்டாக வேண்டும். சுப்பராயன் என்று எழுதினேன். கேள்வி வாயில் வரவில்லை. பேனா முனையில் மை காய்ந்தது. பெஞ்சில் இருந்த இரண்டு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

முருகேசன் மேஜைமேல் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி மெதுவாகச் சொன்னான்.

“அப்பா இல்லீங்க. எழுதுங்க. உங்களுக்குத் தெரியாததா.”

மையைத் தொட்டு எழுதினேன்.